அடைமழையில் நடந்தே கடை கண்ணிக்குப் போய்வர: நெல்லைச் சீமைக்கான முழுமையான வழிகாட்டி

ஐப்பசி பிறந்து வானம் மூடாப்புப் போட்டுவிட்டால் வண்டியை நம்ப முடியாது. ஏர்ஃபில்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஏறினால் பைக் நடுத்தெருவில் நின்றுவிடும். ஆட்டோக்காரர் "அந்தப் பக்கம் தண்ணி கெடக்கு அண்ணாச்சி, வரல" என்பார். ஆனாலும் பால் வாங்க வேண்டும், அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரை தீர்ந்திருக்கும், ரேஷன் கடையில் கடைசித் தேதி நெருங்கியிருக்கும். மிச்சமிருப்பது கால்தான்.

மழை என்றதும் எல்லோருக்கும் குடைதான் நினைவுக்கு வருகிறது. தலை நனைந்தால் துவட்டிக்கொள்ளலாம். ஆபத்து முழுவதும் காலுக்குக் கீழே இருக்கிறது: மூடியில்லாத வாறுகால் (தெருவோரச் சாக்கடை), தோண்டி மூடிய பள்ளம், தண்ணீரில் கிடக்கும் மின்கம்பி, வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த உடைமுள். அதனால் இந்த வழிகாட்டியில் குடைக்கு ஒரு பத்திதான். மற்றதெல்லாம் தரையைப் பற்றியது.

போகலாமா, வேண்டாமா

வானிலை அறிக்கையில் வரும் சொற்களுக்கு அளவு உண்டு. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 வரை பெய்தால் கனமழை. 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை. அதற்கு மேல் அதி கனமழை. ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் 100 மில்லிமீட்டர் பெய்தால் சுமார் 9,300 லிட்டர் இறங்கும். தெருவில் இருக்கும் எல்லா மாடியிலிருந்தும் அவ்வளவு தண்ணீர் ஒரே வாறுகாலுக்கு வந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பதிவானது ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். அப்படிப்பட்ட நாளில் நடந்து போவது பற்றிப் பேச்சே இல்லை. வீட்டில் இருப்பதை வைத்து ஒப்பேற்ற வேண்டியதுதான்.

மஞ்சள் எச்சரிக்கை என்றால் மழை வெறித்த நேரம் பார்த்துப் போய்வரலாம். ஆரஞ்சு என்றால் மருந்துக்கும் பாலுக்கும் மட்டும், அதுவும் பக்கத்துக் கடை வரை. சிவப்பு என்றால் வாசற்படி தாண்ட வேண்டாம்.

நேரம் பார்ப்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஐப்பசித் தொடக்கத்தில் பெரும்பாலும் பிற்பகலுக்கு மேல் இருட்டிக்கொண்டு வந்து இடியோடு கொட்டும். ஆகவே காலையிலேயே வேலையை முடித்துவிடலாம். கார்த்திகையில் குமரிக்கடல் பக்கம் காற்றழுத்தத் தாழ்வு வந்து உட்கார்ந்துவிட்டால் காலை மாலை என்று பேதமில்லை, விட்டுவிட்டு ஊற்றும். அப்போது கனத்த மழை குறைந்து தூத்தலான பிறகும் கால் மணி நேரம் பொறுங்கள். மழை குறைந்த உடனே தெருத் தண்ணீர் குறைவதில்லை. மேட்டுத் தெருத் தண்ணீர் பள்ளத்துக்கு வந்து சேர்வதே அப்போதுதான். டிசம்பரில் 6 மணிக்கே இருட்டிவிடும், போன இடத்திலிருந்து 5 மணிக்குள் திரும்பிவிடும்படி கிளம்புங்கள்.

இடி இருந்தால் விநாடி எண்ணுங்கள். மின்னலுக்கும் இடிச் சத்தத்துக்கும் இடையில் மூன்று விநாடி என்றால் ஒரு கிலோமீட்டர். முப்பது விநாடிக்குள் சத்தம் வந்தால் உள்ளேயே இருங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழிந்த பிறகுதான் வெளியே. 'தாமினி' என்ற செயலி சுற்றுவட்டாரத்தில் 20, 40 கிலோமீட்டருக்குள் விழும் மின்னலைக் காட்டும். வழியில் மாட்டிக்கொண்டால் கட்டடத்துக்குள்ளோ கடைக்குள்ளோ போங்கள், ஒற்றைப் பனைக்கு அடியில் மட்டும் ஒதுங்காதீர்கள். நம் ஊரில் இடி விழுந்து கருகி நிற்கும் பனைகளைப் பார்க்காதவர் இருக்க முடியாது.

ஆற்றங்கரைத் தெருக்காரர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஊரில் மழை நின்று வெயிலடித்தாலும் தாமிரபரணி ஏறும், ஏனென்றால் அந்தத் தண்ணீர் பாபநாசம் மலையிலிருந்தும் மணிமுத்தாற்றிலிருந்தும் கடனாநதியிலிருந்தும் வருகிறது. அணை திறக்கிறார்கள் என்ற அறிவிப்பு வந்தால் மீனாட்சிபுரம், கைலாசபுரம், சிந்துபூந்துறை, கருப்பந்துறைப் பக்கம் இருப்பவர்கள் உள்ளூர் மழையைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. குறுக்குத்துறை முருகன் கோயிலில் தண்ணீர் எந்த அளவுக்கு ஏறியிருக்கிறது என்று விசாரிப்பது பழைய வழக்கம். இன்றைக்கும் அது நல்ல அளவுகோல். விசாரிக்கத்தான் சொல்கிறோம், போய்ப் பார்க்க அல்ல. 1843-இல் கட்டிய சுலோசன முதலியார் பாலத்தின் நடைபாதையில் வெள்ளம் பார்க்க நிற்கும் கூட்டத்தில் பையோடும் குடையோடும் முட்டி மோதுவது வேண்டாத வேலை.

மழைக்கு முன்பே தெருவைப் படித்து வைத்தல்

இதைப் புரட்டாசியிலேயே செய்துவிட வேண்டும். ஒரு காய்ந்த நாளில் வீட்டிலிருந்து பலசரக்குக் கடை, பால் பூத், மருந்துக்கடை, ரேஷன் கடை வரை நடந்து இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்:

வாறுகால் தெருவின் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே பக்கம் மாறுகிறது, எந்தெந்த ஸ்லாப் உடைந்திருக்கிறது அல்லது காணவில்லை. பாதாளச் சாக்கடை மூடிகள் எங்கெங்கே, அவற்றில் ஆடுவது எது. குழாய்க்கோ கேபிளுக்கோ சமீபத்தில் தோண்டி மூடிய இடங்கள். டிரான்ஸ்பார்மர், தரையோடு நிற்கும் மின் பெட்டி, மின்கம்பத்தை இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பி.

இவற்றில் தோண்டி மூடிய இடத்தை யாரும் கண்டுகொள்வதில்லை. மேலே பார்த்தால் மண் சமமாக இருக்கும். இரண்டு மழைக்குப் பிறகு உள்ளே மண் அமுங்கி, கால் வைத்ததும் முழங்கால் வரை போகும். தார் போட்டு ஒட்டுப் போட்டிருந்தாலும் முதல் மழைக்காலம் முடியும் வரை அதை நம்ப வேண்டாம்.

திறந்த குழி தெரிந்தால் தெருக்காரர்கள் ஒரு பச்சைக் கிளையை வெட்டி நட்டுவைப்பார்கள். அந்தக் கிளையைப் பார்த்தால் சுற்றிப் போங்கள். நீங்கள் குழியைக் கண்டால் நீங்களும் நடுங்கள். தண்ணீருக்கு மேல் மூன்றடியாவது தெரிய வேண்டும். நுனியில் சிவப்புத் துணி கட்டினால் இன்னும் நல்லது.

ரயில்வே சுரங்கப்பாதை உங்கள் வழியில் இருந்தால் இப்போதே மாற்றுவழி ஒன்றைப் பார்த்துவையுங்கள். சுரங்கப்பாதையில் தண்ணீரின் ஆழம் வெளியிலிருந்து தெரியாது. இந்தப் பக்கம் கணுக்கால், நடுவில் இடுப்பு.

காலுக்கு என்ன போடுவது

ரப்பர் செருப்பு வேண்டாம். பாசி பிடித்த சிமெண்ட் தளத்தில் வழுக்கும். சேற்றில் உறிஞ்சி மாட்டிக்கொள்ளும், இழுத்தால் வார் பிய்ந்து கையோடு வரும். குதிகால் அடிக்கும் சேறு முதுகு வரை தெறிக்கும். ஓடும் தண்ணீரில் அது மிதந்து போக, அதைப் பிடிக்கக் குனிந்து விழுகிறவர்களே அதிகம்.

முழங்கால் வரையான கம்பூட்ஸ் நல்லதுதானே என்று கேட்பார்கள். தண்ணீர் பூட்ஸ் உயரத்துக்குக் கீழே இருக்கும் வரை நல்லது. மேலே வழிந்து உள்ளே இறங்கிவிட்டால் இரண்டு காலிலும் ஒரு வாளித் தண்ணீரைக் கட்டிக்கொண்டு நடப்பதுபோல் ஆகிவிடும், அவசரத்துக்குக் கழற்றவும் வராது. வயல்வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தெருவுக்கு வேண்டாம்.

நம் ஊருக்குப் பொருத்தமானது குதிகாலில் வார் உள்ள, தண்ணீர் உறிஞ்சாத பிளாஸ்டிக் அல்லது ரப்பர் சாண்டல். விரல் நுனி மூடியிருந்தால் மேலும் நல்லது. அடிப்பாகத்தில் பள்ளம் ஆழமாக இருக்க வேண்டும். தேய்ந்து மழுங்கியிருந்தால் மழைக்கு உதவாது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கான்வாஸ் ஷூ நனைந்தால் இரண்டு நாள் காயாது.

வெறுங்காலோடு போவது பழக்கம் என்பவர்களுக்கு ஒன்று. நம் சீமையின் உடைமரத்து முள் காய்ந்தபின் ஊசிபோல நிற்கும். வேலிக்கு வெட்டிப் போட்ட அந்த முள்ளை வெள்ளம் தெருவுக்குக் கொண்டுவரும், கலங்கல் தண்ணீரில் தெரியாது. உடைந்த பாட்டிலும் அப்படித்தான்.

மாட்டுவதற்கு முன் செருப்பைக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டுங்கள். மழைக்கு ஒதுங்கும் பூரானும் தேளும் தேடுவது இருட்டான, காய்ந்த இடத்தைத்தான்.

உடுப்பும் குடையும்

சாரமோ வேட்டியோ கட்டினால் முழங்காலுக்கு மேல் மடித்து, முனை அவிழாதபடி இறுக்கிச் செருகுங்கள். நடுத்தண்ணீரில் அவிழ்ந்தால் இரண்டு கையும் அதற்கே போய்விடும். அரைக்கால் சட்டை இருந்தால் அதுவே மேல். சேலைக் கொசுவம் நனைந்தால் ஈரத்துணி காலைச் சுற்றிக் கட்டிப்போடும், ஒழுங்காக எட்டு வைக்க முடியாது. கணுக்காலில் இறுகும் பேண்ட்டோடு சுடிதார் போட்டு, பேண்ட்டை முழங்கால் வரை ஏற்றிவிடுவது வசதி. ஜீன்ஸ் யாருக்குமே ஆகாது. மேலுக்கு வெளிர் நிறம் போடுங்கள், மழை மங்கலில் லாரிக்காரர் கண்ணுக்குக் கறுப்புச் சட்டை தெரியாது.

காற்று இல்லாத மழைக்கு நீளக் கைப்பிடிக் குடை. மூன்றாக மடியும் சின்னக் குடை கைப்பைக்கு அழகு, ஒரு காற்றுக்குத் தாங்காது. காற்றோடு மழை என்றால் குடையை விட்டுவிட்டு ரெயின்கோட் போடுங்கள். குடையைக் காற்றுக்கு எதிராகச் சாய்த்தால் எதிரே வரும் வண்டி தெரியாது. ரெயின்கோட் இல்லையென்றால் உரச்சாக்கு இருக்கவே இருக்கிறது: நன்றாக அலசிய சாக்கின் அடிப்பக்க மூலை ஒன்றை மற்ற மூலைக்குள் மடக்கிச் செருகித் தலையில் கவிழ்த்தால் கொங்காணி. இரண்டு கையும் ஓய்வாக இருக்கும், முதுகுப் பையும் நனையாது. பார்க்க அழகாயிருக்காது, அவ்வளவுதான்.

கம்பும் நடையும்

கையில் ஒரு கம்பு கட்டாயம். நெஞ்சு உயரம், சுமார் நாலரை அடி. மூங்கிலோ காய்ந்த மரக்கம்போ எதுவானாலும் சரி, இரும்புக் குழாய் மட்டும் கூடாது. அடியிலிருந்து அரை அடிக்கு ஒரு கோடாக இரண்டரை அடி வரை பெயிண்ட்டால் குறித்துக்கொள்ளுங்கள். ஆழம் பார்க்க அது போதும்.

தண்ணீர் நிற்கும் தெருவில் நடக்கும் முறை இது.

1. தெருவின் நடுவே நடங்கள். ரோடு போடும்போது நடுவை உயர்த்தி ஓரத்தைத் தாழ்த்தித்தான் போடுவார்கள். வாறுகாலும் ஓரத்தில்தான். ஓரமாக ஒதுங்கிப் போவது காய்ந்த நாளின் பழக்கம். மழையில் அதை மறந்துவிடுங்கள். வண்டி வந்தால் நின்று, கம்பால் தட்டிப் பார்த்து ஓரடி மட்டும் நகருங்கள்.

2. காலைத் தூக்கி வைக்காதீர்கள். தரையோடு தேய்த்து நகர்த்துங்கள். தூக்கி வைக்கும் கால் குழிக்குள் போனால் உடம்பு எடை முழுவதும் அதன்மேல் விழுந்திருக்கும். தேய்த்து நகர்த்தும் கால் விளிம்பை முதலில் உணர்ந்துவிடும், எடை இன்னும் பின்காலில் இருக்கும்.

3. கம்பு முன்னால் ஓரடி. குத்து, கெட்டியாக இருக்கிறதா பார், பிறகு கால். கெட்டித் தரையில் 'டொக்' என்று கைக்கு அதிர்வு வரும். சேறானால் சத்தமில்லாமல் இறங்கி, எடுக்கும்போது இழுக்கும். ஸ்லாப் மேல் குத்தினால் உள்ளே கூடு இருப்பதுபோல் ஒலி மாறும். அந்த மூன்றாவது சத்தம் கேட்டால் அதன்மேல் ஏறாதீர்கள்.

4. பேருந்து வந்தால் நின்றுவிடுங்கள். அது கிளப்பும் அலை முழங்காலில் அடிக்கும்போது ஒரு காலில் நின்றால் சாய்ந்துவிடுவீர்கள். அலை வரும் திசைக்குப் பக்கவாட்டில் திரும்பி, கால்களை அகட்டி, கம்பை ஊன்றி, அலை போனபின் நடங்கள்.

5. தண்ணீர் முழங்காலைத் தொட்டால் திரும்பி வாருங்கள். நிற்கும் தண்ணீரானாலும் சரி. ஓடும் தண்ணீருக்கு அந்த அளவுகூடக் கிடையாது. கணுக்காலுக்கு மேல், அரையடி ஆழத்தில் வேகமாக ஓடும் தண்ணீரே ஆளைத் தள்ளிவிடும்.

திறந்த வாறுகாலைத் தண்ணீருக்கு மேலிருந்தே கண்டுபிடிக்க வழி உண்டு. கொஞ்ச நேரம் நின்று மிதக்கும் குப்பையைக் கவனியுங்கள். தெருத் தண்ணீரில் டீக்கப்பும் வேப்பிலைச் சருகும் ஒரே திசையில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும். ஓர் இடத்தில் மட்டும் கப் தயங்கும், அரைவட்டம் அடிக்கும், திரும்பவும் அதே இடத்துக்கு வரும், பிறகு பட்டென்று உள்ளே போகும். நீரின் மேற்பரப்பில் தட்டுபோல லேசான பள்ளம் தெரியும். கீழே வாய் திறந்திருக்கிறது என்று அர்த்தம். இடைவிடாமல் குமிழி வந்தால் அங்கும் கிட்டப் போக வேண்டாம்.

நேரத்தையும் கூட்டி வையுங்கள். காய்ந்த ரோட்டில் கிலோமீட்டருக்கு 12 நிமிடம் என்றால் கணுக்கால் தண்ணீரில் இரண்டு மடங்கு. கடை மூடிவிடுமே என்று வேகமாக நடப்பவர்தான் விழுகிறார். கிளம்பும்போது எந்தத் தெரு வழியாகப் போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

மின்சாரம்

அறுந்த கம்பி கண்ணுக்குத் தெரிந்தால் முப்பது அடிக்கும் அதிகமாக விலகி நில்லுங்கள், அக்கம்பக்கத்தாரையும் நிறுத்துங்கள். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987, 24 மணி நேரமும் எடுப்பார்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. இரண்டையும் போனில் பதிந்துவைப்பதோடு ஒரு காகிதத்திலும் எழுதிப் பைக்குள் போடுங்கள், போன் நனைந்தால் எண்ணும் போய்விடும்.

கம்பி தெரியாமல், காலில் சுரீர் என்றோ எறும்பு ஊர்வதுபோலவோ பட்டால் அந்த இடத்திலேயே நில்லுங்கள். ஓடக் கூடாது. ஈரத்தரையில் மின்சாரம் பரவும்போது கம்பிக்கு அருகே அழுத்தம் கூடுதல், தள்ளிப்போகப் போகக் குறைவு. கால்களை அகட்டினால் ஒரு காலுக்கும் மறு காலுக்கும் உள்ள வித்தியாசம் உடம்பு வழியாகப் பாயும். இரண்டு பாதத்தையும் ஒட்டவைத்து, ஒரு பாத நீளத்துக்கும் குறைவாக நகர்த்தி நகர்த்தி, வந்த வழியே பின்வாங்குங்கள். மாடுகள் மழையில் அதிகம் சாவதற்கு இதுவும் காரணம், முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி அதிகம்.

தடுமாறும்போது கை தானாக எதையாவது பிடிக்கத் தேடும். மின்கம்பம், ஸ்டே கம்பி, கடை ஷட்டர், தெருவிளக்குத் தூண் எதையும் பிடிக்காதீர்கள். அதற்குத்தான் கம்பு.

வாங்கும் வரிசையும் பையும்

ஒரு கையில் கம்பு, மழையென்றால் மறு கையில் குடை. ஆகவே பை முதுகில்தான். பிள்ளைகளின் பழைய பள்ளிப் பை போதும். உள்ளே ஒரு பெரிய பாலிதீன் உறையை விரித்து, அதற்குள் சாமானை வைத்து, வாயை முறுக்கி உள்ளே மடக்குங்கள். மஞ்சப்பை மழையில் தானே ஒரு கிலோ தண்ணீர் குடிக்கும். ஒரு நடைக்கு ஐந்து கிலோவுக்கு மேல் சுமக்காதீர்கள், முதுகில் கனம் கூடினால் வழுக்கும்போது நிமிர முடியாது. 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தோளில் வைத்துத் தண்ணீருக்குள் நடப்பது இடுப்புக்கும் உயிருக்கும் கேடு. 5 லிட்டர் கேனாக முதுகுப் பையில் கொண்டுவாருங்கள், இரண்டு நடை ஆனாலும் பரவாயில்லை.

வரிசை முக்கியம். முதலில் காகித வேலை: வங்கி, தபால் நிலையம், மருந்துச் சீட்டு. அடுத்து மருந்துக்கடை. பிறகு பலசரக்கு. கடைசியில் பால். கனமானது வீட்டுக்கு மிக அருகில் இருக்கும் கடையில். டவுனுக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்ற வேலை இருந்தால் அந்த ஒரு வேலையோடு திரும்பிவிடுங்கள். ரத வீதி வரை வந்தாயிற்று, அல்வாவையும் வாங்கிவிடுவோம் என்று வரிசையில் நின்றால் இருட்டிவிடும். அல்வா அவசரச் சாமான் இல்லை என்று சொன்னால் டவுன்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், தெரியும்.

பலசரக்குக் கடையில் இன்னும் செய்தித்தாளில் பொட்டலம் கட்டித் தருவது உண்டு. துவரம்பருப்புப் பொட்டலம் நனைந்து முதுகுப் பைக்குள் பிரிந்தால் அள்ளவே முடியாது. மூடிபோட்ட டப்பாக்கள் இரண்டைக் கொண்டுபோய் "அண்ணாச்சி, இதுல போட்டுருங்க" என்றால் மறுக்கமாட்டார். சர்க்கரை, உப்பு, கருப்பட்டி மூன்றும் ஈரக் காற்றுக்கே கசியும். கருப்பட்டி முதல் நாள் வியர்க்கும், மூன்றாம் நாள் பாகாகும். தனி டப்பா, இறுக்கமான மூடி. முட்டைக்கும் மாவு பாக்கெட்டுக்கும் எவர்சில்வர் தூக்குவாளியைப் போல ஒன்று கிடையாது: அடியில் இரண்டு பிடி அரிசி, மேலே முட்டை, இடைவெளியில் மறுபடி அரிசி. விழுந்தாலும் உடையாது, அரிசியும் வீட்டுக்கு வந்து சேரும். பால் பாக்கெட் தெருத் தண்ணீரில் பட்டிருந்தால் கத்தரிக்கும் முன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

காசைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 2023 வெள்ளத்தில் பல பகுதிகளில் மின்சாரமும் போன் சிக்னலும் சேர்ந்தே போயின. சிக்னல் இல்லாமல் ஜிபே எப்படி வேலை செய்யும்? பத்து, இருபது, ஐம்பது நோட்டுகளாக ஒரு ஐந்நூறு ரூபாய், ஜிப் உறையில். கடைக்காரரிடமும் சில்லறை இருக்காது.

ரேஷன் கடைக்கு ஒரு தனி யோசனை. கொஞ்ச நேரம் ஈரத்தில் ஊறினாலே விரல் நுனி சுருங்கி வரிவரியாகிவிடும், கைரேகைக் கருவி அதை ஏற்காது. வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுக்க, கடைக்காரர் "வேற விரலை வைங்க" என்பார். பத்து விரலும் ஊறித்தானே இருக்கும்? வலது கையை நனையாமல் கொண்டுபோக வழி பாருங்கள். கம்பை இடது கைக்கு மாற்றி, வலது கையை ஒரு பாலிதீன் உறைக்குள் விட்டு மணிக்கட்டில் தளர்வாக ரப்பர் பேண்ட் போடலாம். அப்படியும் நனைந்துவிட்டால் காய்ந்த துணியில் ஒற்றித் துடைத்து, உள்ளங்கைகளை ஒன்றோடொன்று தேய்த்துச் சூடாக்கி, கால் மணி நேரம் பொறுத்துப் பிறகு வையுங்கள். கருவியின் கண்ணாடியையும் துடைக்கச் சொல்லுங்கள். காய்ந்த கைக்குட்டை ஒன்று ஜிப் உறைக்குள் இருந்தால் இதற்கெல்லாம் ஆகும்.

ஊர்ப்புறப் பாதைகள்

மண்ணுக்கு மண் நடை மாறும். தேரிக்காட்டுச் செம்மணல் தண்ணீரைக் குடித்துவிடும், மழை விட்ட கொஞ்ச நேரத்தில் நடக்கலாம். கரிசலில் அது நடக்காது. ஒவ்வொரு எட்டுக்கும் செருப்படியில் ஒரு அப்பளம் மண் ஒட்டி, இருபது எட்டில் காலில் செங்கல் கட்டினாற்போல் ஆகும். கரிசல் வழியில் நடுப்பாதையை விட்டு, புல் முளைத்த ஓரத்தில் நடங்கள். பத்தடிக்கொரு தரம் கம்பு நுனியால் மண்ணைச் சுரண்டிவிடுங்கள். முள் இல்லாத பாதை என்று நன்றாகத் தெரிந்தால் மட்டும் கழற்றிக் கையில் பிடித்து நடக்கலாம்.

ஆற்றுப்பாசன ஊர்களில் குறுக்குவழி என்று வரப்பில் இறங்குவார்கள். கார்த்திகை வரப்பு உள்ளே நண்டு வளையால் கூடாகிக் கிடக்கும், மேலே புல் மூடியிருக்கும். கால் வைத்த இடம் அப்படியே சரிந்து வயலுக்குள் போகும். சுற்றுவழியானாலும் வண்டிப்பாதையே மேல். தண்ணீர் சூழ்ந்தால் பாம்புகளும் மேட்டைத் தேடி வரப்புக்கும் வைக்கோற்போருக்கும்தான் வரும். கம்பால் தரையைத் தட்டிக்கொண்டே போங்கள். கடித்துவிட்டால் கீறவோ கட்டவோ வேண்டாம், காலை அசைக்காமல் 108-ஐக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நெல்லை நகருக்கு என்றால் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி.

குளம் நிரம்பி மறுகால் பாய்கிறதா என்று கிளம்பும் முன் கேளுங்கள். ஒரு குளத்து மறுகால் அடுத்த குளத்துக்குப் போகும் வழியில்தான் ஊர்ப் பாதையின் தரைப்பாலம், அதாவது தாம்போதி, இருக்கும். போகும்போது காய்ந்து கிடந்த தாம்போதி, அரை மணி நேரத்தில் நீங்கள் திரும்பும்போது ஓடிக்கொண்டிருக்கலாம். ஓடுகிற தாம்போதியைக் கால்நடையாகக் கடக்கும் முறை ஏதும் இங்கே சொல்லப்போவதில்லை. பாலத்தின் தளத்தைத் தண்ணீர் அரித்துப் போயிருந்தால் மேலே நின்று பார்க்கும் யாருக்கும் தெரியாது. கயிறு கட்டிக் கடப்பதெல்லாம் மீட்புப் படையினர் வேலை. அந்தக் கரையிலேயே ஒரு வீட்டில் கேட்டுத் தங்கிக்கொள்ளுங்கள், நம் ஊரில் யாரும் இடமில்லை என்று சொல்லமாட்டார்கள்.

வீடு திரும்பியபின்

செருப்பை வாசலில் கழற்றி, குழாய்த் தண்ணீரில் காலைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். முழங்கால் வரை கழுவிவிட்டு விரலிடுக்கை விட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு. சேற்றுப்புண் தொடங்குவது நாலாவது விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில், அந்த இடம்தான் காற்றே படாத இடுக்கு. துணியின் முனையை முறுக்கி ஒவ்வொரு இடுக்கிலும் விட்டு ஈரம் போகத் துடையுங்கள். தோல் வெளுத்து ஊறி அரிப்பெடுத்தால் மருந்துக்கடையில் பூஞ்சைக்கான பவுடர் கேளுங்கள். மருதாணி அரைத்துப் பூசும் வழக்கம் வயல்வேலைக்காரர்களிடம் உண்டு, விரிசலோ சீழோ வந்தபிறகு அதோடு நிற்க வேண்டாம். புண் ஆறும் வரை வேறு ஆளை அனுப்புங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெளிச்சத்தில் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும், முள் தைத்ததே அவர்களுக்குத் தெரியாமல் போகலாம். முள்ளோ ஆணியோ குத்தியிருந்தால் டெட்டனஸ் ஊசி போட்டு எவ்வளவு நாளாயிற்று என்று பார்த்து மருத்துவரிடம் போங்கள்.

செருப்பை வெயிலில் அல்ல, நிழலில் காற்றோட்டமாகக் கவிழ்த்து வையுங்கள். ஒட்டு விடாமல் இருக்கும். போன் நனைந்திருந்தால் காயும் வரை சார்ஜ் போடாதீர்கள்.

கடைசியாகக் காலண்டரில் இன்றைய தேதியை வட்டமிடுங்கள். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர், காலில் உள்ள சின்னக் கீறல் வழியே ஏறினால் வருவது எலிக்காய்ச்சல். பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாளுக்குள் தெரியும், சில சமயம் மாதமே ஆகும். காய்ச்சலோடு கெண்டைக்கால் சதை தொட்டாலே வலித்தால், கண் சிவந்தால், சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுப் படுத்துவிடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போனதும் "இந்தத் தேதியில வெள்ளத் தண்ணியில நடந்தேன் டாக்டர்" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.